முற்றும் போடுவது யார்?

1985ஆம் ஆண்டு ஜப்பானின் ஷோனென் ஜம்ப் வார இதழில் மசாமி குருமதாவின் ‘ஒதொகோசாகா’ என்ற தொடர் நின்றுபோனது. கடைசிப் பக்கத்தில் கதாநாயகன் சண்டைக்குப் புறப்பட்டு மேட்டில் ஏறுகிறான். கதை முடியவில்லை என்று பெரிய எழுத்தில் அங்கேயே போட்டிருக்கிறது. இதை வரையத்தான் மங்கா உலகத்துக்கே வந்தேன் என்று குருமதா சொல்லிவந்த கதை அது. மூன்று தொகுதிகளோடு சரி. வாசகர்கள் ஓட்டுப் போடவில்லை, அவ்வளவுதான் காரணம். அடுத்து அவர் தொடங்கிய ‘செயின்ட் செய்யா’ உலகமெல்லாம் ஓடியது. நின்றுபோன கதையை மறுபடி கையில் எடுக்க அவருக்கு 2014 வரை ஆனது.

ஒரு மங்கா தொடரைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல உட்கார்ந்தால் ஓவியம், பாத்திரங்கள், சண்டைக் காட்சிகள் என்று பேச்சு ஓடும். கடைசியில் ‘முடிவைக் கெடுத்துவிட்டார்’ என்று ஒரு தீர்ப்பு வரும். அந்தத் தீர்ப்போடுதான் எனக்குத் தகராறு. முடிக்கும் உரிமை முதலில் ஓவியர் கையில் இருந்ததா? இதழாசிரியர் கையிலா, வாசகர் கையிலா, ஓவியரின் முதுகெலும்பிலா? மங்கா தொடர்களை இந்த ஒரு கேள்வியோடு வரிசையாகப் பார்த்தால், எது நிமிர்ந்து நின்றது, எது தேய்ந்தது என்பதில் பாதி விளங்கிவிடும் என்பது என் கட்சி. மீதிப் பாதி திறமை. அதற்கு விளக்கம் சொல்ல யாராலும் ஆகாது. முடிவுகளைப் பற்றிப் பேசுவதால் முடிவுகளைச் சொல்லாமல் எழுத முடியாது. படிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜம்ப்பின் ஏற்பாடு தெரியாமல் இந்தப் பேச்சில் இறங்க முடியாது. 1968இல் ஷுயெய்ஷா நிறுவனம் தொடங்கிய இதழ் அது. 1959இல் ஒரே நாளில் கடைக்கு வந்த ஷோனென் மேகசினும் ஷோனென் சண்டேயும் அதற்குள் வேரூன்றிவிட்டன. பெயர்பெற்ற ஓவியர்கள் அவர்கள் பக்கம். ஜம்ப்புக்கு வாய்த்தவர்கள் புதுமுகங்கள். புதுமுகங்களில் யார் தேறுவார் என்று கண்டுபிடிக்க அவர்கள் நம்பியது இதழோடு வைத்துத் தந்த அஞ்சலட்டையை. இந்த வாரம் பிடித்த மூன்று கதைகளை எழுதி அனுப்ப வேண்டும். அட்டைகளை எண்ணி வரிசை போடுவார்கள். மேலே நிற்பதற்கு வண்ணப் பக்கமும் அட்டைப்படமும் கிடைக்கும். கீழே கிடப்பது இதழின் பின்பக்கங்களுக்குத் தள்ளப்பட்டு, பிறகு காணாமலே போகும். புதிய தொடர் ஒன்றுக்குப் பத்து வாரம் போலத்தான் தவணை.

ஒரு தொடருக்கு வாரம் பத்தொன்பது பக்கம். திங்கட்கிழமை இதழ் கடைக்கு வரும்போது ஓவியர் அதற்கடுத்த வாரங்களின் பக்கங்களோடு மல்லாடிக்கொண்டிருப்பார். பின்னணிக் கட்டடம், கூட்டம், நிழல் எல்லாம் உதவியாளர்கள் கையில். முகங்களும் கதையும் அவர் தலையில். இந்த இயந்திரம் ஓடிய ஓட்டத்தில், 1994 டிசம்பரில் கடைக்கு வந்த ஓர் இதழ் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதி அச்சானது. இன்று அச்சாவது அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே.

வாரத்துக்கு வாரம் ‘தொடரும்’ போட்டு எழுதுவது தமிழ் வாசகனுக்குப் புதிதல்ல. நம் வார இதழ்களின் தொடர்கதைகள் அப்படி வந்தவைதான். ஆனால் ஓட்டு எண்ணி, பத்தாவது வாரம் கழுத்தை நெரிக்கிற ஏற்பாட்டை நம் இதழ்கள் இந்த அளவுக்குக் கொண்டுபோனதில்லை. சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் விசித்திரமாக இருக்கும். அங்கே கதை கதையாக முடித்துத் தருவார்கள். நாயகனுக்கு வயது ஏறாது, பழைய கணக்கு எதுவும் பாக்கி நிற்காது.

வார இதழின் நெருக்கடி கதையைக் கெடுக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. அந்த நெருக்கடி கையில் கொடுத்த பரிசுகளும் உண்டு. ‘அஷிதா நோ ஜோ’வை எடுத்துக்கொள்ளலாம். 1968இல் ஷோனென் மேகசினில் தொடங்கிய குத்துச்சண்டைக் கதை. எழுதியவர் இக்கி கஜிவாரா, வரைந்தவர் தெத்சுயா சிபா. சீர்திருத்தப் பள்ளியில் ஜோவுக்கு எதிராளியாக வரும் ரிகிஷியைச் சிபா, ஜோவைவிட ஒரு தலை உயரமாக வரைந்துவிட்டார். இருவரும் பின்னால் தொழில்முறை மேடையில் மோத வேண்டும் என்றபோது சிக்கல் வந்தது. குத்துச்சண்டையில் எடைப் பிரிவு வேறானால் ஆட்டமே கிடையாது. அச்சில் போனதைத் திருத்தவும் முடியாது. அதனால் ரிகிஷி பட்டினி கிடந்து, தண்ணீரைக்கூட விட்டு, எலும்பாகி ஜோவின் எடைக்கு இறங்குகிறான், ஜெயிக்கிறான், செத்துப்போகிறான். மங்கா வரலாற்றின் மறக்க முடியாத மரணம் ஓர் அளவுப் பிழையைச் சரிக்கட்டப் போனதில் பிறந்தது. 1970 மார்ச்சில் கவிஞரும் நாடகக்காரருமான ஷூஜி தெராயாமா முன்னின்று ரிகிஷிக்கு இறுதிச் சடங்கு நடத்தினார். கோதான்ஷா பதிப்பகத்தின் கட்டடத்தில் எழுநூறு பேர் போலக் கூடினார்கள். அதே மாதக் கடைசியில் ஜப்பான் விமானம் ஒன்றை வடகொரியாவுக்குக் கடத்திய செம்படை என்ற தீவிர இடதுசாரிக் குழுவின் இளைஞர்கள், தங்கள் அறிக்கையில் தங்களை ஜோ என்றே சொல்லிக்கொண்டார்கள்.

1973இல் அந்தத் தொடருக்கு முற்றும் போட்டதும் ஒரு தகராறில்தான். கஜிவாரா எழுதிக் கொடுத்த முடிவு சிபாவுக்கு ஒப்பவில்லை. தானே யோசித்து வரைந்தார்: பதினைந்து சுற்று ஆடிப் புள்ளியில் தோற்ற ஜோ, மூலையில் தன் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறான். உதட்டில் சிரிப்பு. உடம்பில் நிழல் இல்லை, சாயம் இல்லை, வெறும் வெள்ளை. செத்தானா, இருக்கிறானா என்று ஜப்பானியர்கள் அரை நூற்றாண்டாக விவாதிக்கிறார்கள். எனக்கு அந்த விவாதத்தில் அக்கறை இல்லை. எழுத்தாளர் விட்டுக்கொடுக்க, ஓவியர் தன் கையில் எடுத்துக்கொண்ட முடிவு அது. படத்தால் என்ன செய்ய முடியும் என்று தெரிந்தவன் போட்ட முற்றும்.

எதிர்த் திசையில் ‘டிராகன் பால்’. 1984இல் அகிரா தோரியாமா அதை ஒரு கேலிச் சாகசக் கதையாகத் தொடங்கினார். வால் முளைத்த பையன், ஏழு மந்திர உருண்டைகள். ஓட்டு விழவில்லை. வீரர் போட்டி ஒன்று வைத்தார், ஓட்டு குவிந்தது. அதன்பிறகு அந்தத் தொடர் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க விடவும் இல்லை. ஃப்ரீசா என்ற வில்லனோடு முடிந்திருக்க வேண்டிய கதை என்று நினைப்பவன் நான். அதற்குப் பிறகு வரும் செயற்கை மனிதர்கள் பகுதியில் நடந்தது எல்லோரும் அறிந்த கூத்து. முதலில் ஒரு கிழவனும் ஒரு குண்டனும் வில்லன்களாக வருகிறார்கள். பழைய பொறுப்பாசிரியர் கசுஹிகோ தொரிஷிமா, இவர்களா வில்லன்கள் என்று கேட்கிறார். தோரியாமா இளைஞனையும் பெண்ணையும் கொண்டுவருகிறார். இவை பொடிசுகள் அல்லவா என்று மறுபடி ஆட்சேபம். செல் என்ற பூச்சி மனிதன் வருகிறான். அவன் உருவமும் பிடிக்கவில்லை என்று புதிய பொறுப்பாசிரியர் சொல்ல, செல் இரண்டு முறை உருமாறுகிறான். கதைக்குள் இதையெல்லாம் நியாயப்படுத்தி ஓட்டியது தோரியாமாவின் கைவேகம். 519 அத்தியாயம், 42 தொகுதி. 1995இல் ஒருவழியாக விட்டார்கள். அவர் கோடு எந்தப் பக்கத்திலும் சோர்ந்ததில்லை, கதைதான் சோர்ந்தது. இந்த இரண்டும் தனித்தனியே நடக்கும் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்தத் தொடரில்.

அதே ஜம்ப், அதே ஆண்டுகள், அதே அஞ்சலட்டை. தகேஹிகோ இனோவேயின் ‘ஸ்லாம் டங்க்’ 1990இல் தொடங்கி 1996இல் 31 தொகுதிகளில் நின்றது. நின்ற இடத்தைப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். நாயகன் சகுராகி, பள்ளிக்கூட முரடன். கூடைப்பந்து தெரியாமல் அணியில் சேர்ந்தவன். கடைசி ஆட்டம் நாட்டின் சாம்பியன் அணியான சன்னோவோடு. சில விநாடிகள் பாக்கி, ஒரு புள்ளி பின்தங்கல். இந்த இடத்தில் இனோவே பேச்சை நிறுத்திவிடுகிறார். வசனக் குமிழ் கிடையாது, கூச்சல் எழுத்துகள் கிடையாது, உள்மனக் குரல் கிடையாது. அதுவரை வாய் ஓயாத கதை அது. ஒரு பந்து எறிவதற்குள் நான்கு பேர் நான்கு பக்கம் பேசுவார்கள். இப்போது காலணி, கை, கண், கடிகாரம், பந்து. கட்டங்கள் சிறுத்து, சாய்ந்து, வேகமாகின்றன. சகுராகியோடு பேச்சுவார்த்தையே இல்லாத ருகாவா, இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே உயரே எழும்புகிறான். வலது ஓரத்தில் சகுராகி தயாராக நிற்கிறான். அவன் உதட்டில் மட்டும் ஒரு முணுமுணுப்பு: பயிற்சியில் ஆயிரக்கணக்கான முறை எறிந்தபோது கற்ற, இடக்கை சும்மா பந்தைத் தாங்கினால் போதும் என்ற பாடம். ருகாவா அவனுக்குப் பந்தைத் தருகிறான். தருவான் என்று அதுவரை எவனும் நினைத்ததில்லை. பந்து விழுகிறது. 79க்கு 78. பிறகு விரித்த இரண்டு பக்கத்தில் அந்த இரண்டு எதிரிகளும் உள்ளங்கையோடு உள்ளங்கை அறைந்துகொள்கிறார்கள்.

அடுத்து இனோவே செய்ததுதான் துணிச்சல். அடுத்த ஆட்டத்தில் அந்த அணி படுதோல்வி அடைந்தது என்று போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டார். கோப்பை இல்லை, அரையிறுதி இல்லை. அப்போது ஜம்ப்பின் தூண்களில் ஒன்று அந்தத் தொடர்; இன்னும் ஐந்தாறு ஆண்டு ஓட்டியிருக்கலாம். கடைசி இதழில் முதல் பாகம் முடிந்தது என்று போட்டிருந்தார்கள். இரண்டாம் பாகம் வரவே இல்லை. அது முடிந்த மறு ஆண்டு ஜம்ப் விற்பனையில் ஷோனென் மேகசினிடம் முதலிடத்தை இழந்தது. இந்தத் தொடரில் நடுவே சில ஆட்டங்கள் நீளம் என்று நானும் முணுமுணுத்தவன்தான். ஆனால் அந்த நீளத்தில் பழகிய காதுக்குத்தான் கடைசி மௌனம் உறைக்கிறது. வாராவாரம் ஆறு ஆண்டு பேசவிட்டு, பிறகு வாயைக் கட்டுவது நேரடியாகப் புத்தகமாக வரைபவருக்குக் கிடைக்காத ஆயுதம்.

இந்த இடத்தில் ‘ஒன் பீஸ்’ என்ற கடற்கொள்ளையர் தொடரின் ரசிகர்கள் கை தூக்குவார்கள். நியாயம். எய்ச்சிரோ ஓடா 1997இல் தொடங்கியபோது ஐந்து ஆண்டில் முடித்துவிடுவதாக நினைத்தார். நூறாவது தொகுதி 2021இல் வந்தது. இறுதிப் பகுதி தொடங்குகிறது என்று 2022இல் அறிவித்தார். நீளத்துக்கு இப்படி ஒரு வாதம் வேறு தொடர் எதிலும் இல்லை. லபூன் என்ற திமிங்கிலம் ஒன்று, தன்னை விட்டுப்போன கடற்கொள்ளையர்களுக்காக மலையில் தலையை முட்டிக்கொண்டு காத்திருப்பதாக 1999இல் ஓடா வரைந்தார். சிரிக்கவைக்கும் ஒரு சின்னக் கிளைக்கதை. 2008இல் எலும்புக்கூடாக வரும் ப்ரூக்கின் கதை விரியும்போதுதான் அந்தக் கொள்ளையர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரிகிறது. கடலில் ஒவ்வொருவராகச் செத்து விழுந்துகொண்டே கடைசிப் பாட்டை இசைக்கிறார்கள். இசைக்கும் கருவிகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. ஒன்பது ஆண்டு காக்கவைத்துக் கொடுத்த பதில். தொடராகப் படித்தவனுக்கு அது கிடைத்த விதத்தில் புத்தகமாக வாங்கி ஒரே வாரத்தில் படிப்பவனுக்குக் கிடைக்காது.

ஆனாலும் என் புகார் நிற்கிறது. டிரெஸ்ரோசா பகுதி நூறு அத்தியாயம் இழுத்தது. ஆரம்பத்தில் வந்த அர்லாங் பார்க் பகுதியில், கப்பல் தோழி நாமி உதவி கேட்டு அழும்போது நாயகன் லூஃபி தன் தொப்பியை அவள் தலையில் வைத்துவிட்டுப் பேசாமல் நடக்கிறானே, அந்தப் பக்கத்தில் காற்றோட்டம் இருந்தது. பின்னாளில் ஒரு பக்கத்தில் இருபது முகம், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு ஆச்சரியம். சொல்ல வேண்டியது ஏறிக்கொண்டே போக, பக்கம் மட்டும் கூடவில்லை. முடிவு ஓடாவின் கையில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கையில் மூட்டை கனத்துவிட்டது.

சும்மா நீள்வதற்கென்றே பிறந்த தொடர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. போலீஸ்காரர் ஒருவரின் சேட்டைக் கதையான ‘கொச்சிகாமே’ 1976 முதல் 2016 வரை ஒரு வாரம் தவறாமல் வந்து 200 தொகுதியில் நின்றது. ‘கோல்கோ 13’ 1968இலிருந்து ஓடுகிறது. தகாவோ சைதோ 2021இல் மறைந்த பிறகும் அவர் கட்டிய அலுவலகம் வரைந்துகொண்டிருக்கிறது. இவற்றுக்கு முடிவு தேவையில்லை. கியோஹிகோ அசுமாவின் ‘யோட்சுபா’வும் ஒரு வகையில் இந்தச் சாதிதான்: ஐந்து வயதுக் குழந்தை ஒன்றின் ஒரு நாள், பிறகு இன்னொரு நாள். 2003இலிருந்து வருகிறது; கதைக்குள் இன்னும் ஓர் ஆண்டுகூட ஓடவில்லை. எந்தத் தொடரையும் நம்பிக் கையில் எடுக்கத் தயங்குகிற நாளில் நான் எடுப்பது அதைத்தான்.

முடிவை உடம்பு தீர்மானித்த தொடர்கள் வேறு கதை. யோஷிஹிரோ தொகாஷியின் ‘ஹன்டர் ஹன்டர்’ 1998இல் தொடங்கியது. முதுகுவலியால் மாதக்கணக்கில், பிறகு ஆண்டுக்கணக்கில் நின்று நின்று வருகிறது. சில வாரம் ஜம்ப்பில் பென்சில் கிறுக்கலாகவே அச்சேறி, தொகுதியாக வரும்போது திருத்தி வரையப்பட்டது. இரண்டு ஆண்டு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை என்று 2022இல் வந்த தொகுதியில் எழுதினார். இனி வார ஏற்பாட்டில் வராது என்று அதே ஆண்டு ஜம்ப் அறிவித்தது. இவ்வளவுக்கும் நடுவே, வார இதழில் வந்தவற்றிலேயே ஆகத் துணிச்சலான பகுதி இவருடையது. எறும்புகளின் அரசன் மெருவேம், மனிதரைத் தின்று வளர்ந்தவன், பார்வையற்ற கொமுகியோடு பலகை ஆட்டம் ஆடித் தோற்றுக்கொண்டே இருக்கிறான். நஞ்சேறிச் சாகும் தறுவாயிலும் அவளோடு ஆடுகிறான். கண் மங்க மங்க, கட்டங்கள் முழுக் கறுப்பாகின்றன. கறுப்பில் பேச்சு மட்டும். இருக்கிறாயா என்று அவன் கேட்பதும் இருக்கிறேன் என்று அவள் சொல்வதும். ஓவியனுக்கு வரையவே இயலாத நிலையில் வரையாமல் விட்ட கட்டங்கள் என்று கேலி பேசுபவர்கள் உண்டு. பேசட்டும். அந்தக் கறுப்புக்கு ஈடான ஒரு படத்தை அவர்கள் காட்டினால் ஒத்துக்கொள்கிறேன்.

கென்தாரோ மியூராவின் ‘பெர்செர்க்’ 1989இல் தொடங்கியது. 2021 மே மாதம் பெருநாடிக் கிழிவால் அவர் இறந்தபோது வயது 54. கவசத்தின் ஒவ்வொரு கீறலையும் மரச்செதுக்கல் போல வரைந்த மனிதர். கதாநாயகன் கப்பலில் ஏறி இறங்குவதற்குள் வாசகர்களுக்கு வயதாகிவிட்டது என்பது பழைய கிண்டல். பள்ளி நண்பரும் மங்கா ஆசிரியருமான கோஜி மோரியிடம் மட்டும் பல ஆண்டுகளுக்கு முன்பு முழுக் கதையையும் சொல்லியிருந்தார். அந்த நினைவை வைத்து மோரி மேற்பார்வையிட, மியூராவின் உதவியாளர்கள் 2022 ஜூனிலிருந்து தொடர்கிறார்கள். நட்புக்காகச் செய்யும் காரியம். குறை சொல்ல நா கூசுகிறது. ஆனால் படிக்கும்போது, அடுத்து என்ன நடந்தது என்ற தகவல் கிடைக்கிறதே ஒழிய, மியூரா அதை எவ்வளவு நேரம் பார்க்கவிடுவார் என்பது கிடைக்கவில்லை. 12, 13ஆம் தொகுதிகளின் கிரகணக் காட்சியைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பெண்கள் இதழ்களில் வந்த தொடர்களைப் பற்றிப் பேசாமலே மங்காவைப் பற்றி எழுதிவிடுகிறார்கள் நம் ஆட்கள். ஆய் யசாவாவின் ‘நானா’ 2000இல் தொடங்கி, 2009இல் அவர் நோயுற்றதால் 21 தொகுதிகளோடு நிற்கிறது. நானா என்று ஒரே பெயர் கொண்ட இரண்டு பெண்கள் தோக்கியோவில் ஒரே வீட்டில் வாழும் கதை. இதில் கொடுமை என்னவென்றால், யசாவா எதிர்காலத்தையும் இடையிடையே காட்டிக்கொண்டே வந்தார்: ஒருத்தி காணாமல் போய்விட்டாள், மற்றவள் அவளை நினைத்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். எங்கே போய்ச் சேரும் என்று தெரிகிறது. எப்படி என்பதுதான் அறுந்து நிற்கிறது. சுசுஏ மியுச்சியின் ‘கிளாஸ் மாஸ்க்’ 1976இல் தொடங்கி 49 தொகுதிக்குப் பிறகும் முடியவில்லை. இரண்டு நடிகைகள் ஒரு வேடத்துக்குப் போட்டி போடுகிறார்கள். கதைக்குள் சில ஆண்டுகள்தான் கடந்தன. ஆரம்பத்தில் கறுப்புத் தொலைபேசியில் பேசியவர்கள் பிற்பகுதியில் கைபேசியில் பேசுகிறார்கள். அந்த வேடம் யாருக்குக் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பந்தயம் கட்டியவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள்.

மாத இதழுக்கு வந்தால் மூச்சு சீராகிறது. ஹிரோமு அரகாவா ஹொக்கைதோவில் பால்மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ 2001 முதல் 2010 வரை மாத இதழில் வந்து 27 தொகுதிகளில் முடிந்தது. ஒன்றைப் பெற வேண்டுமானால் அதற்கு ஈடானதைத் தர வேண்டும் என்பது அந்த உலகத்தின் விதி. அண்ணன் எட்வர்ட், தம்பியின் உடலை மீட்க முடிவில் தருவது தன் ரசவாத வித்தையையே. முதல் அத்தியாயத்தில் போட்ட கணக்குக்குக் கடைசியில் விடை வருகிறது. இடையில் வந்த சின்னச் சின்ன ஆட்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தொடர் நடுவில் இருந்தபோதே வந்துவிட்ட 2003ஆம் ஆண்டு அனிமே, பாதிக்கு மேல் தானாக ஒரு முடிவைக் கட்டிக்கொண்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், முடிவு தெரிந்து வைத்த விதைக்கும் பின்னால் தேடிப் பிடித்த காரணத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். குறை என்றால், எல்லாம் இவ்வளவு சரியாகப் பொருந்துவதே சற்றுச் சலிப்பு. ஸ்லாம் டங்க்கின் அந்த ஒரு வரித் தோல்வி தரும் கீறல் இதில் இல்லை.

நவோகி உராசாவாவைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ‘மான்ஸ்டர்’ மாதம் இருமுறை இதழில் 1994 முதல் 2001 வரை, 18 தொகுதி. டியூசல்டார்ஃபில் மருத்துவர் தென்மா, மேயரை விட்டுவிட்டு ஒரு சிறுவனைக் காப்பாற்றுகிறார்; அந்தச் சிறுவன் கொலைகாரனாக வளர்கிறான். பக்கத்து ஊரில் ரொட்டிக் கடை வைத்திருப்பவனுக்குக்கூட உராசாவா ஒரு முகமும் ஒரு பழைய பாவமும் தருவார். அதுதான் அவர் பலம்; கதையை வழிதவறவைப்பதும் அதுதான். காலிப் படுக்கையில் முடியும் மான்ஸ்டர் தப்பித்தது. வார இதழில் ஓடிய ‘20ஆம் நூற்றாண்டுப் பையன்கள்’ தப்பவில்லை. முகமூடி போட்ட ‘நண்பன்’ யார் என்ற புதிரை அவிழ்த்து, மறுபடி முடிச்சுப் போட்டு, மறுபடி அவிழ்த்து, கடைசியில் யாராக இருந்தால் என்ன என்ற நிலைக்கு வாசகனைக் கொண்டுவந்துவிட்டார். 2016இல் முடிந்த புதிய பதிப்பில் முடிவையே மாற்றி வரைந்தார் என்பதே அவருக்கும் திருப்தியில்லை என்பதற்குச் சாட்சி. ‘டெத் நோட்’டும் இந்த வகை: துப்பறிவாளன் எல் ஏழாவது தொகுதியில் செத்தபோதே அந்த ஆட்டம் முடிந்துவிட்டது. மீதி ஐந்து தொகுதியைக் கடமைக்குப் படித்தேன்.

என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் சொல்லிவிடுகிறேன். ஹஜிமே இசயாமாவின் ‘அட்டாக் ஆன் டைட்டன்’ மாத இதழில் 2009இல் தொடங்கி 2021இல் முடிந்தது. உரிமை முழுக்க அவர் கையில்; முடிவும் முன்பே தெரியும். ஆனாலும் கடைசி அத்தியாயம் உலகெங்கும் சண்டையைக் கிளப்பியது. கடைசித் தொகுதியில் சில பக்கம் சேர்த்தார். 2023இல் அனிமே முடிந்தபோது நாயகன் எரெனும் அவன் நண்பன் ஆர்மினும் பேசும் இடத்தைத் திருத்தினார்கள். இளைஞனாக இருந்தபோது போட்ட திட்டத்திலிருந்து விலகிப்போக முடியவில்லை என்று அவரே பின்னர் பேட்டியில் சொன்னார். பத்தாண்டில் கதை வளர்ந்துவிட்டது, பாத்திரங்கள் வளர்ந்துவிட்டன, முடிவு மட்டும் பழைய வயதிலேயே நின்றது. முடிவைத் தன் கையில் வைத்திருந்தால் மட்டும் போதாது. பழையதைத் தூக்கிப் போடும் தைரியமும் சேர்ந்திருக்க வேண்டும். சிபாவுக்கு அது இருந்தது.

இதற்கிடையில் காற்று மாறிவிட்டது. கொயோஹாரு கொதோகேயின் ‘டீமன் ஸ்லேயர்’ 2020 மே மாதம், புகழின் உச்சியில், 23 தொகுதியோடு ஜம்ப்பிலேயே முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த திரைப்படம் ஜப்பானின் வசூல் சாதனைகளை உடைத்தது. தோரியாமாவைப் பிடித்து வைத்த இதழ் இவரை விட்டுவிட்டது. கதை எனக்குச் சாதாரணம்தான். முடித்த விதத்துக்காக மரியாதை. 2014இல் தொடங்கிய ஜம்ப் பிளஸ் செயலியில் பக்கக் கணக்கும் வாரக் கணக்கும் தளர்ந்துவிட்டன. தத்சுகி புஜிமோதோவின் ‘லுக் பேக்’ அதில் 2021இல் ஒரே நாளில் முழுசாக வந்தது. பள்ளி இதழில் நாலு கட்டச் சித்திரக் கதை வரையும் இரண்டு சிறுமிகளைப் பற்றி நூற்று நாற்பது பக்கம் போல. ஓட்டு வாங்க ஒரு பக்கம்கூடச் செலவாகவில்லை என்பது படிக்கும்போதே தெரிகிறது.

இந்தியாவைக் களமாகக் கொண்ட ஒசாமு தெசுகாவின் ‘புத்தா’ 1972 முதல் 1983 வரை வந்தது. இதழ்கள் மாறின, கதை நிற்கவில்லை. தத்தா என்ற திருட்டுப் பையனும் சாப்ரா என்ற அடிமைச் சிறுவனும் முதல் தொகுதியை எடுத்துக்கொள்ள, சித்தார்த்தன் அதில் பிறக்கத்தான் செய்கிறான். முடிவு என்ன என்று எல்லோருக்கும் தெரிந்த கதையில் தெசுகா இப்படித்தான் சுதந்திரம் எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் வாழ்நாள் கதையாக நினைத்த ‘பீனிக்ஸ்’, கடந்த காலத்திலிருந்தும் எதிர்காலத்திலிருந்தும் மாறி மாறி நெருங்கி நிகழ்காலத்தில் சந்திக்க வேண்டியது. 1989இல் அவர் இறந்தபோது அந்த நிகழ்காலம் வரையப்படாமல் நின்றது.

இனோவேயிடம் திரும்ப வேண்டும். 1998இல் அவர் தொடங்கிய ‘வாகபாண்ட்’ 37 தொகுதிகளுக்குப் பிறகு, 2015இலிருந்து வரவில்லை. எய்ஜி யோஷிகாவா 1930களில் நாளிதழில் தொடராக எழுதிய ‘முசாஷி’ நாவலின் மங்கா வடிவம். கன்ரியூ தீவில் முசாஷிக்கும் சசாகி கோஜிரோவுக்கும் நடக்கும் வாட்போரில் முடிய வேண்டும். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இனோவே கோஜிரோவைக் காது கேளாதவனாக்கினார், நாவலில் இல்லாதது. பிறகு, போரை நோக்கிப் போக வேண்டிய முசாஷியைப் பஞ்சத்தில் வாடும் ஒரு கிராமத்தில் நிறுத்தி, மண்வெட்டியைக் கையில் கொடுத்தார். தொகுதிக் கணக்கில் அவன் தரிசைக் கொத்துகிறான், நீருக்கு வழி தேடுகிறான், தோற்கிறான், ஊராருக்கு அரிசி கேட்டுத் தலை குனிகிறான். சண்டை எங்கே என்று வாசகர்கள் கத்தினார்கள். வாளால் வென்றவன் ஒரு நெல் நாற்றிடம் தோற்ற பிறகு அந்தத் தீவில் அவன் கற்றுக்கொள்ள என்ன பாக்கி இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் 37ஆம் தொகுதியையே கடைசியாக வைத்து அலமாரியில் அடுக்கிவிட்டேன். 38 வந்தால் முதல் நாளே வாங்குவேன், அது வேறு விஷயம்.